பலகையில் இன்னும் நான்கு வரி எழுதுங்கள்

தமிழ்நாட்டு மாநகராட்சி, நகராட்சி ஆணையர்கள் அனைவருக்கும்,

வணக்கம். தெருநாய்களுக்குக் கண்ட இடத்தில் சோறு வைக்கக் கூடாது, வார்டுதோறும் அதற்கென இடம் ஒதுக்க வேண்டும், அங்கே அறிவிப்புப் பலகையும் வைக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்கே வைப்பது என்பதைப் பலகை சொல்லிவிடும். எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். பலகை எப்படியும் அடிக்கத்தான் போகிறீர்கள். கூட நான்கு வரிக்குப் பெயின்ட் செலவு ஒன்றும் பெரிதாகிவிடாது.

நாய்க்குச் சோறு போடுகிற எங்களைப் போன்றவர்கள் மலிவாகக் கிடைப்பதைத்தான் வாங்குகிறோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் கோழிக்கடை மூடும் நேரத்தில் போய் நின்றால் கழுத்து, கால், தோல், குடல் எல்லாம் கறுப்புக் கவரில் கிடைக்கும். அதைத் தெருமுனையில் அப்படியே கொட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. "வேட்டையாடித் தின்ன ஜாதிதானே, பச்சைக் கறி அதை என்ன பண்ணும்?" என்பார்கள். நாயின் வயிறு தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம். கறியில் இருக்கும் சால்மோனெல்லாக் கிருமியை, தனக்கு ஒன்றும் ஆகாமலே மலத்தில் வெளியேற்றிக்கொண்டு அது தெருவெல்லாம் சுற்றும். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் கிருமி செத்துவிடும் என்பதும் வீண் நம்பிக்கை.

ஆட்டுக்கறிக் கழிவு இதைவிட மோசம். அறுத்த ஆட்டின் ஈரலிலோ நுரையீரலிலோ சில சமயம் நீர் கோத்த கட்டிகள் இருக்கும். கடைக்காரர் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, வாசலில் காத்திருக்கும் நாய்க்கு வீசுவார். வாங்க வந்தவருக்கு நல்லது செய்ததாகத்தான் அவருக்கு நினைப்பு. அந்தக் கட்டிக்குள் எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவின் இளம்பருவம் இருக்கலாம். நாயின் குடலில் அது வளர்ந்து முட்டையிடும். நாய் பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருக்கும். மலத்தோடு வெளியேறும் முட்டை மண்ணிலிருந்து பிள்ளைகளின் கைக்கும், சரியாகக் கழுவாத கீரைக்கும் வந்து சேரும். மனித உடம்புக்குள் போனால் பல வருஷம் சத்தமில்லாமல் ஈரலில் நீர்க்கட்டியாக வளரும். பலருக்கு அறுவை சிகிச்சை வரை போகும். கறிக்கடை உரிமம் உங்கள் கையில்தானே இருக்கிறது? கட்டியுள்ள உறுப்பை நாய்க்குப் போடக் கூடாது என்பதை உரிமம் புதுப்பிக்கும்போதே நிபந்தனையாகச் சேர்த்துவிடலாம்.

நன்றாக வேகவைத்தால் கிருமியும் சாகும், புழுவும் சாகும். ஆனால் வெந்த கோழி எலும்பு, கடிக்கும்போது கூர்கூராகப் பிளந்து குடலைக் குத்தும். ஆகவே கறியை வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

அடுத்தது கல்யாண மண்டபத்து மிச்சம். அங்கே அண்டா அண்டாவாகப் பிரியாணி மிஞ்சினால் எங்களுக்குத்தான் போன் வரும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வதக்கினாலும் பொரித்தாலும் அந்த நச்சு போகாது. பத்து கிலோ எடையுள்ள நாய்க்கு 150 கிராம் வெங்காயமே இரத்தத்தைப் பாதிக்கப் போதும். சோர்வும் வெளிறிய ஈறும் சில நாள் கழித்துத் தெரிவதால் பிரியாணியின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

புளி விஷயம் நம் ஊரில் இன்னும் பரவலாகத் தெரியாது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பழைய செய்தி. அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்காவில் விலங்கு நச்சியல் மருத்துவர்கள் 2021-இல் சொன்னார்கள். அதே அமிலம் மிகுந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் அதே பாதிப்பு வந்திருக்கிறது. ஒரு கரண்டி ரசத்தில் நாய் செத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. தினம் தினம் புளிக்குழம்புச் சோறும் புளியோதரையும் வேண்டாம், அவ்வளவுதான். சாக்லேட், சர்க்கரையில்லாச் சூயிங்கத்தில் சேர்க்கும் சைலிட்டால் இரண்டும் கூடவே கூடாது.

அப்படியானால் எதை வைக்கலாம்? வெறும் சோறு, அவித்த முட்டை, எலும்பில்லாத வெந்த கோழி, பக்கத்தில் தண்ணீர். செலவும் அதிகமில்லை.

பலகை வாசகத்தை உங்கள் நாய் கருத்தடை மையத்துக் கால்நடை மருத்துவரே எழுதிக் கொடுக்கட்டும். பிடித்த நாயைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, குடற்புழு மருந்து கொடுத்துத்தான் விட வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. எல்லாக் குடற்புழு மருந்துக்கும் மேலே சொன்ன எக்கினோகாக்கஸ் நாடாப்புழு அடங்காது. பிராசிகுவாண்டல் சேர்ந்த மருந்தை வாங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்களில் ஒருவர்