இசப்கோலும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலச்சிக்கலைப் பற்றி எழுதும் மருத்துவப் பகுதிகளில் ‘இரவில் இசப்கோல் சாப்பிடலாம்’ என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. எவ்வளவு, எத்தனை தண்ணீரில், மற்ற மாத்திரைகளுக்கு எவ்வளவு இடைவெளி விட்டு, யார் தொடவே கூடாது என்பதெல்லாம் பெரும்பாலும் விட்டுப்போகிறது. மருந்துச் சீட்டு இல்லாமலே எங்கும் கிடைக்கும் பொருள் இது. டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் உள்ள எச்சரிக்கையை இதை அதிகம் வாங்கும் வயதானவர்கள் எப்படிப் படிப்பார்கள்?

குஜராத், ராஜஸ்தான் பக்கம் விளையும் ஒரு சிறு செடியின் விதையை மூடியிருக்கும், நார்ச்சத்து நிறைந்த மெல்லிய உமிதான் இசப்கோல். பேதி மருந்து போல இது குடலை முடுக்குவதில்லை. தண்ணீரை இழுத்து, ஊறிய சப்ஜா விதை மாதிரி வழவழப்பாகி, அந்த ஈரத்தைப் பெருங்குடலின் கடைசி வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. குடல் பாக்டீரியாக்கள் இதை அவ்வளவாகச் சிதைப்பதில்லை என்பதால் ஈரம் மலத்திலேயே தங்கி அதை இளக்குகிறது. தண்ணீராகப் போகிறவர்களுக்கோ இதே கூழ் உபரி நீரைப் பிடித்துவைத்துக் கெட்டிப்படுத்துகிறது. ஆக, வேலையைச் செய்வது பாதிக்கு மேல் தண்ணீர்தான். அது குறைந்தால் மலம் இன்னும் இறுகும். அதைவிட மோசம், உமி உணவுக்குழாயிலேயே ஊதி அடைத்துக்கொள்வது. குறுணை வடிவில் வந்த இசப்கோல் மலமிளக்கிகளை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007-ல் ஏற்கத்தக்க மருந்துகளின் வரிசையிலிருந்து நீக்கியதற்கு இந்த அடைப்பே காரணம்.

பெரியவர்கள் முதல் வாரம் தினம் ஒரு வேளை, தலை தட்டிய ஒரு தேக்கரண்டி உமியோடு தொடங்கினால் போதும். தண்ணீர் 250 மில்லி வேண்டும். நம் வீட்டுக் காபி டம்ளர் பெரும்பாலும் 150 மில்லிகூடப் பிடிக்காது. அதில் கலக்கிக் குடித்துவிட்டு ‘நிறையத் தண்ணீர் குடித்தேனே’ என்பவர்கள்தான் அதிகம். முதலில் டம்ளரில் தண்ணீரை ஊற்றி, மேலே உமியைத் தூவி, கலக்கிய கையோடு குடிக்க வேண்டும். சில நிமிடங்கள் போனால் கூழாகிவிடும்; வெந்நீரில் இன்னும் சீக்கிரம். கூழானதைக் கரண்டியால் வழித்து விழுங்காமல் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். குடித்த பிறகு இன்னும் அரை டம்ளர் வெறும் தண்ணீர் நல்லது. தயிரில் கலப்பவர்களுக்கும் இந்தத் தண்ணீர்க் கணக்கு பொருந்தும். உமியை அப்படியே வாயில் கொட்டிக்கொண்டு மேலே ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

நேரத்திலும் ஒரு பிழை நடக்கிறது. குடித்த உடனே படுக்கக் கூடாது. ‘படுக்கப்போகும்போது’ என்று சொல்வதை விட்டு, ‘இரவுச் சாப்பாட்டுக்குப் பின், படுக்க ஒரு மணி நேரத்துக்கு முன்’ என்று சொல்லலாம். பலன் தெரிய 12 மணி நேரம் முதல் மூன்று நாள் வரை ஆகும். மறுநாள் காலை ஒன்றும் நடக்கவில்லையே என்று அளவை இரட்டிப்பாக்குவதால்தான் வயிறு உப்பி, வாயு சேர்ந்து, ‘எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று கைவிடுகிறார்கள். வாரத்துக்கு ஒரு தேக்கரண்டி என்று கூட்டி, நாளுக்கு மொத்தம் 7 முதல் 10 கிராம் வரை, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக்கொள்ளலாம். அரைத்த பொடி உமியைவிட எடை கூடியது. அதற்குக் கரண்டிக் கணக்கு உதவாது, டப்பாவில் உள்ள கிராம் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: இந்தக் கூழில் மருந்தும் சிக்கிக்கொள்ளும். பொதுவாக முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம். அதைக் காலையில் வெறும் வயிற்றில் போடுபவர்கள் இசப்கோலை இரவுக்குத் தள்ளிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை சற்று இறங்கலாம் என்பதால் முதல் சில நாள் பரிசோதித்துக்கொள்வது நல்லது. ஆரஞ்சு வாசனை போட்ட பொடிகள் சிலவற்றில் சர்க்கரை கணிசமாக இருக்கிறது, அதையும் பாருங்கள்.

‘இயற்கை’ என்று எழுதி வரும் சில பொடிகளில் இசப்கோலோடு நிலாவிரை (ஆங்கிலத்தில் சென்னா) கலந்திருக்கும். நம் திருநெல்வேலியின் பெயரிலேயே வெளிநாட்டுச் சந்தைகளில் அறியப்படும் அதே இலைதான். அது நார் அல்ல, குடலைத் தூண்டும் பேதி மருந்து. ஒரு வாரத்துக்கு மேல் தினமும் சாப்பிட மருத்துவரைக் கேட்க வேண்டும். சேர்மானப் பட்டியலைப் படிக்காமல் வாங்குபவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு இசப்கோல் கூடாது. பக்கவாதம், பார்க்கின்சன் நோய் உள்ளவர்களில் இப்படிப் பலர் உண்டு. தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக, இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மார்ஃபின் போன்ற வலி மருந்தால் வரும் மலச்சிக்கலுக்கு இது உதவாது, சிக்கலைக் கூட்டவும் கூடும். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் விஷயத்தில் இன்னொன்று: மலம் கட்டியாக அடைத்திருக்கும்போது அதன் ஓரமாகத் தண்ணீர் போலக் கசியும். வீட்டில் இருப்பவர்கள் வயிற்றுப்போக்கு என்று நினைத்து இசப்கோல் கொடுத்தால் அடைப்பு முற்றும். வயிறு வீங்கி, வாந்தி வந்து, வாயுகூடப் பிரியாத நிலையிலும் கொடுக்கக் கூடாது.

குடித்த பிறகு நெஞ்சில் அடைத்தது போல வலி, எச்சில்கூட விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல் என்று எது வந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மீன் முள்ளுக்குச் செய்வது போலச் சோற்று உருண்டையோ வாழைப்பழமோ விழுங்கித் தள்ளப் பார்ப்பது அடைப்பை மோசமாக்கும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, ஐம்பது வயதுக்கு மேல் திடீரென மாறிய மலப் பழக்கம் ஆகியவற்றுக்கு வீட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்த வேண்டாம்.

சாப்பாட்டின் இடத்தை இது பிடிக்கவும் முடியாது. நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார், அதுவும் உணவில் இயல்பாக உள்ள நார் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. ஒரு தேக்கரண்டி உமியில் வருவது ஏதோ இரண்டு மூன்று கிராம். நடுத்தர அளவுக் கொய்யா ஒன்றிலேயே சுமார் 5 கிராம் இருக்கிறது. சுண்டல், கீரை, அவரைக்காய் எல்லாவற்றிலும் நார் உண்டு.

தமிழ்நாட்டில் விற்கும் டப்பாக்களில் ‘250 மில்லி தண்ணீரில் கலக்கி உடனே குடிக்கவும், விழுங்கச் சிரமம் உள்ளவர்கள் சாப்பிடக் கூடாது’ என்ற இரண்டு வரிகளை முன்பக்கத்தில் தமிழில் அச்சிட நிறுவனங்கள் முன்வர வேண்டும். டப்பாவோடு கரண்டி கொடுப்பவர்கள் 250 மில்லிக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் கோப்பையும் சேர்த்துக் கொடுக்கலாம். தங்கள் நாளிதழும் இனி இசப்கோலைப் பரிந்துரைக்கும் இடங்களில் தண்ணீரின் அளவையும் சேர்த்தே வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
கும்பகோணம்.