காரின் பின்பெட்டியும் சைக்கிள் கரியரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐலண்ட் ரெக்கோட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் நிறுவுநர் கிறிஸ் பிளாக்வெல் பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். ஜமைக்காப் பாடகர் பொப் மார்லியை உலகறியச் செய்தவர் என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. என் மனதைத் தொட்டது அதற்கு முந்திய காலம். 1959இல் ஜமைக்காவில் தொடங்கிய நிறுவனத்தை 1962இல் லண்டனுக்குக் கொண்டுபோனவர், இசைத்தட்டுகளைத் தன் மினி கூப்பர் காரில் அடுக்கிக்கொண்டு, ஜமைக்காக்காரர் குடியிருந்த பகுதிகளில் கடை கடையாக ஏறி இறங்கி விற்றார். ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊர்ப்பாட்டு வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வாசிக்க வாசிக்க என் முதலாளிதான் கண்ணுக்குள் வந்தார். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிக்குக் கிட்ட அவர் நடத்திய றெக்கோடிங் பாரில் 1984இல் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டித் தொழில் தொடங்கியவர். அதில் மிச்சம் பிடித்துக் கடை போட்டுச் சினிமாப் பாட்டுப் பதிந்து கொடுத்தார். அது எல்லா றெக்கோடிங் பாரும் செய்த வேலைதான். ஆனால் அந்த வருமானத்தைக் கொண்டு, இணுவில், அளவெட்டிப் பக்கத்துக் கோயில்களில் இரவிரவாக நடந்த மேளச்சமாக்களை, அதாவது நாதஸ்வர தவில் கச்சேரிகளை, பதிந்து, மட்டை அச்சடித்து, ஒலிநாடாக்களாக வெளியிட்டார். கலைஞருக்குரிய சன்மானத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுவார். விற்காவிட்டால் அந்த நட்டம் தன்னுடையது என்பார். பிளாக்வெல்லும் 1972இல் மார்லி குழுவினரை நம்பி 4,000 பவுண் கொடுத்தவர்தான். ஆனால் அவர் வசதியான குடும்பத்துப் பிள்ளை. எங்கள் முதலாளி மனைவியின் காப்பை அடகு வைத்தார். அந்தப் பற்றுச்சீட்டை நானே கண்டிருக்கிறேன்.

ஒலிநாடாக்களை பிஸ்கட் பெட்டியில் அடுக்கி, சைக்கிள் கரியரில் கட்டி, சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரி என்று கொண்டுபோவது என் வேலை. கடைக்குப் பத்தாக வைத்துவிட்டு, அடுத்த மாதம் போய்க் காசு சேர்ப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போரினால் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றித்தான் பதிந்ததைக் கேட்டுச் சரிபார்த்தோம். நான் பெடலைக் கையால் சுற்றுவேன்; அவர் காதை ஒலிபெருக்கியோடு ஒட்டிக்கொண்டிருப்பார். என் கை களைத்தால் நாதஸ்வரத்தின் சுருதி மெல்ல இறங்கும். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். நான் மீண்டும் வேகம் பிடிப்பேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரினால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது அவர் தோளில் இருந்தது ஓர் உரப்பை. அதற்குள் உடுப்பு இல்லை, மூலப்பிரதிகள். திரும்பி வந்தபோது கடைக்குக் கதவும் இல்லை, கூரையும் இல்லை. நாடாக்களில் பாதிக்குப் பூஞ்சணம் பிடித்திருந்தது. மீதியை ஒவ்வொன்றாகத் துடைத்துக் காயவைத்தார்.

அண்மையில் ஒரு யூடியூப் அலைவரிசையில் அந்தச் சமாக்களில் ஒன்றைக் கேட்டேன். எங்கள் பதிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தவில் தனி தொடங்குமுன் ஒரு குழந்தை அழும். அடுத்து முதலாளி இருமுவார். இரண்டும் அப்படியே இருக்கின்றன. மூலையில் அலைவரிசையின் பெயர் பெரிதாக இருக்கிறது. வாசித்தவர்களின் பெயரும் இல்லை, வெளியிட்டவரின் பெயரும் இல்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கும் உரிமை தருகிறது. எனக்குக் காசு வேண்டாம், வழக்கும் வேண்டாம். பெயரைப் போடுங்கள் என்று எழுதினேன். பதில் வரவில்லை.

இன்று யாழ்ப்பாணத்தில் நன்றாகப் பாடும் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தாங்களே பாடி, தாங்களே பதிந்து, தாங்களே இணையத்தில் ஏற்றுகிறார்கள். அவர்களுக்காகக் கடனாளியாகவும், கடைப்படி ஏறவும் ஓர் ஆள் இல்லை. புதிய இறுவட்டையோ பாடலையோ உங்கள் பத்திரிகை அறிமுகம் செய்யும்போது, பாடியவர் பெயரோடு பணம் போட்டு வெளியிட்டவர் பெயரையும் ஒரு வரியில் அச்சிடுங்கள். அதைப் பார்த்து இன்னொருவர் துணிந்து வரக்கூடும்.

முதலாளி இப்போது இல்லை. பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் அவர் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. சம்மதம் கிடைத்ததும் பெயரையும், கடை வாசலில் எடுத்த படத்தையும் அனுப்புகிறேன்.

பழைய றெக்கோடிங் பார் ஊழியர்,
கொக்குவில்.