வளையத்தை அளந்து பாருங்கள்

கிழக்கு மாகாண விளையாட்டு அதிகாரிகளுக்கும் திருகோணமலைப் பாடசாலை அதிபர்களுக்கும் வணக்கம்.

2026 கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டு விழாவுக்குப் போட்டிகளைப் பத்தாகக் குறைத்தபோதும் வலைப்பந்தாட்டத்தை விடவில்லை. 2018இல் கோல்ட் கோஸ்ட் இறுதிப் போட்டியில் இங்கிலாந்து அவுஸ்திரேலியாவை 52-51 என வென்றது. அந்தக் கடைசிக் கோல் விழுந்தது ஆட்டம் முடியும் விநாடியில். ஆகவே எறிதலைப் பற்றியே முதலில் எழுதுகிறோம்.

வளையம் தரையிலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கவேண்டும். கம்பம் நட்டபின் தரைக்கு இன்னொரு படை சீமெந்து போட்டால் அந்தத் தடிப்பளவு உயரம் குறைந்துவிடும். பிறகு யாரும் அளப்பதில்லை. இதைவிடக் கெடுதல் உப்புக்காற்று. ஒட்டு (வெல்டிங்) வைத்த இடம் துருவேறி, வளையம் முன்பக்கம் சரிகிறது. சரிந்த வளையத்தில் தட்டையாக எறிந்த பந்தும் விழும். அப்படியே கைபழகிய பிள்ளை வெளியூரில் மட்டமான வளையத்துக்கு எறிந்தால் பந்து முன்விளிம்பில் பட்டுத் திரும்பும். பிள்ளை பதறிவிட்டாள் என்பார்கள். பிழை பிள்ளையில் இல்லை.

ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் அளவுநாடாவும் ரசமட்டமும் எடுத்துப் போங்கள். ஒட்டைச் சுரண்டித் துருநீக்கிப் பூச்சுப் பூசுங்கள். சரிந்த வளையத்தை நிமிர்த்தாமல் வெட்டிப் புதிதாக ஒட்டுங்கள், நிமிர்த்தியது மறுபடி சரியும். கம்பம் புதிதாக நடுவதென்றால் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் (ஜீ.ஐ.)தான்.

தரை 30.5 க்கு 15.25 மீற்றர். கோட்டுக்கு வெளியேயும் 3.05 மீற்றர் வெறுமையாக விடவேண்டும். கான் விளிம்பும் மதிலும் அதற்குள் வரக்கூடாது. பந்தைப் பிடித்து ஊன்றிய காலைத் தூக்கினால், பந்தை விடுமுன் அதை மறுபடி ஊன்றக்கூடாது என்பது விதி. அதனால் ஓடிவந்த வேகம் முழுவதையும் முழங்கால்தான் தாங்குகிறது. சீமெந்தில் மெல்லிய மணல் படிந்திருந்தால் பாதம் வழுக்கி முழங்கால் முறுகும். பயிற்சிக்கு முன் கூட்டுவதை ஒருநாளும் தவறவிடாதீர்கள்.

யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் ஆடிய இலங்கை அணி 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்றது. அந்த மட்டத்து ஆட்டங்கள் மண்டபத்துக்குள் நடக்கின்றன. எங்கள் பிள்ளைகளோ கச்சான் காற்றில் எறிகிறார்கள். மாரி தொடங்கினால் அதுவும் இல்லை. கூரை உயர்ந்த மண்டபம் ஒன்றில் கோடு போட்டு, கிழமைக்கு இரண்டு மாலைகள் ஒதுக்கித் தாருங்கள். நவம்பர் மழைக்கு முன்னரே அதைச் செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலை வலைப்பந்தாட்டப் பயிற்றுநர்கள்