ஆயா பார்த்ததையும் எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஆகஸ்டு 15 வந்தால் உங்கள் பத்திரிகையில் தலைவர்கள் படமும் டெல்லிக் கதையும் பக்கம் பக்கமாக வருகிறது, நானும் விரும்பித்தான் படிக்கிறேன். ஆனால் அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் வடசென்னையில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களை யாரும் வந்து கேட்பதில்லை.

என் ஆயாவுக்கு 95 வயது இருக்கும். பிறந்த தேதிக்குச் சான்றிதழ் கிடையாது, ஆதாரில் பேருக்கு ஜனவரி 1. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே காலியானபோது பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து மாட்டு வண்டியில் திருவள்ளூர் பக்கம் போனார்களாம், அப்போது தனக்குப் பன்னிரண்டு இருக்கும் என்று ஆயா சொல்லும், அதுதான் எங்களுக்குக் கணக்கு. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று மிருகக்காட்சி சாலையில் சிங்கம் புலியை எல்லாம் சுட்டுக் கொன்றார்களே, அதைச் சொல்லும்போது இப்போதும் அழும்.

1949 செப்டம்பரில் ராபின்சன் பூங்காவில் கொட்டுகிற மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்தபோது பெரியப்பா பிறந்து ஒரு வாரம். கூட்டத்துக்குப் போன தாத்தா தொப்பலாக நனைந்து வந்து காய்ச்சலில் படுத்ததில் மில் சம்பளம் போனது, அந்த மாதம் எப்படி ஓடியது என்பதை ஆயா ஒரு நாள் முழுக்கச் சொல்லும்.

அந்த மில் பி அண்டு சி மில். 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதே அங்கே வேலை பார்த்தவர்களால்தான். 1996ல் அது மூடியபோது அப்பாவுக்கும் வேலை போய்விட்டது, 66 வயதில் ஆயா வாசலில் இட்லிக் கடை போட்டு எங்களைப் படிக்க வைத்தது. அப்புறம் 2016 நவம்பரில், தன் சாவுச் செலவுக்கென்று சேர்த்து வைத்திருந்த 500 ரூபாய் நோட்டுகளோடு அதே ஆயா வங்கி வரிசையில் நின்றது. இதுவும் இந்த நாட்டு வரலாறுதானே ஐயா?

மில்லில் தறி ஓட்டியவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், காசிமேட்டில் மீன் விற்றவர்கள் என்று எங்கள் பக்கம் எத்தனையோ பேர், வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். இறந்த பிறகு கண்ணீர் அஞ்சலி விளம்பரம் போடுவதற்கு முன்னால், வாரம் ஒருவருக்கு அரைப் பக்கம் ஒதுக்கி அவர்கள் பேசுவதை அப்படியே எழுதுங்கள். எங்கள் வீட்டுக்கும் நிருபரை அனுப்புங்கள், காலையில் வந்தால் நல்லது, மத்தியானத்துக்கு மேல் ஆயாவுக்குப் பேச மூச்சு வாங்குகிறது.

- ஒரு வாசகர், பட்டாளம், சென்னை - 12