காற்றாலைப் புதுப்பிப்பு: இடைவெளியைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சிறு காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுத்தினால் தமிழகத்தின் காற்று மின்சாரம் பல மடங்காகும் என்று பலரும் எழுதுகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் உடுமலை, பல்லடம் பக்கம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அப்படி வரவில்லை.

1990களில் காற்றாலையில் போட்ட முதலீடு முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழிக்க வருமான வரியில் இடமிருந்தது. சலுகை போட்ட பணத்துக்குத்தான், எடுத்த யூனிட்டுக்கு அல்ல. நல்ல காற்றுள்ள நிலமெல்லாம் 225, 250 கிலோவாட் இயந்திரங்களால் நிரம்பியது இப்படித்தான்.

இரண்டு காற்றாலைகளுக்கு நடுவே காற்று வரும் திசையில் ரோட்டர் (இறக்கைகள் சுழலும் வட்டம்) விட்டத்தைப் போல 7 மடங்கும், பக்கவாட்டில் 5 மடங்கும் இடைவெளி விடுவது இங்கே நெடுநாள் வழக்கம். 27 மீட்டர் விட்டமுள்ள 225 கிலோவாட் இயந்திரத்துக்கு இது சுமார் 6.3 ஏக்கர். 140 மீட்டர் விட்டமுள்ள 3 மெகாவாட் இயந்திரத்துக்கோ சுமார் 170 ஏக்கர், அதாவது 27 பழைய இயந்திரங்களின் இடம். அந்த 27-ம் முழுத் திறனில் சராசரியாக 15 சதவீதப் பயன்பாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 லட்சம் யூனிட் தரும். புதியது ஒன்று 35 சதவீதத்தில் ஓடினாலும் 92 லட்சம்தான். இதற்காகவா 68 மீட்டர் நீள இறக்கையைக் கிராமச் சாலை வளைவுகளில் திருப்பிக் கொண்டுவருவது?

வழி இல்லாமல் இல்லை. கணவாயில் மே முதல் செப்டம்பர் வரை காற்று பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கிலிருந்தே வருகிறது. ஆகவே பக்கவாட்டு இடைவெளியை 3 மடங்காகக் குறைக்கலாம். அதே நிலத்தில் உற்பத்தி ஒன்றரைக் கோடி யூனிட்டை நெருங்கும். ஆனால் காற்றுத் திசையின் 7 மடங்கில் கை வைக்கக் கூடாது. முன் காற்றாலை கலக்கிவிட்ட காற்று பின்னதன் உற்பத்தியைக் குறைப்பதோடு இறக்கை, கியர்பாக்ஸ் தேய்மானத்தையும் கூட்டும். எந்தத் திசை என்று பார்க்காமல் இந்த இடைவெளி விதியைப் பொதுவாகத் தளர்த்தினால் இதுதான் நடக்கும்.

அடுத்தது பேங்கிங், அதாவது மின்சாரச் சேமிப்புக் கணக்கு. தங்கள் ஆலைக்கு மின்சாரம் எடுக்கக் காற்றாலை வைத்திருப்பவர்களுக்குக் காற்று ஐந்து மாதம், ஆலை ஓடுவது பன்னிரண்டு மாதம். பருவத்தில் மின்கட்டமைப்பில் விட்டதை ஆண்டுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளும் வசதி பழைய காற்றாலைகளுக்கு உண்டு. புதியவற்றுக்கு மத்திய அரசின் 2022 பசுமை மின்சார விதிகள் உறுதி செய்யும் குறைந்தபட்சமோ மாதாந்திரக் கணக்குதான். ஜூலை மின்சாரத்தை ஜனவரியில் எடுக்க முடியாதென்றால், ஓடுகிற பழைய இயந்திரத்தை எந்த ஆலைக்காரர் கழற்றுவார்?

இன்னொன்று, அந்த 27 இயந்திரங்களுக்கும் உரிமையாளர் ஒருவரல்லர். எல்லோரும் ஒரே நிறுவனமாகச் சேர்ந்து, மின்சாரத்தைப் பயன்படுத்துவோரிடம் நிறுவனத்தின் குறைந்தது 26 சதவீதப் பங்கு, உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதம் அவர்களது நுகர்வு என்ற சொந்தப் பயன்பாட்டு (கேப்டிவ்) விதிக்குள் வர வேண்டும். பழைய இணைப்பு அனுமதிகளை இப்படி ஒன்றாக்கும் நடைமுறையை மின்வாரியம் எளிதாக்கித் தந்தால், மற்றதை ஆலைகளே பேசி முடித்துக்கொள்ளும்.

– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை