வாக்குப்பதிவு முடிந்து நான்காம் நாள் நீங்கிய தடை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசியல் பிரமுகர்கள் தங்களைப் பற்றி யாரும் பேசக்கூடாது, எழுதக்கூடாது என்று நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கிக்கொள்ளும் வழக்கம் பற்றி இதை எழுதுகிறேன். நகரிப் பக்கம் நாங்கள் காலையில் தமிழ்ப் பத்திரிகை படித்து, இரவில் தெலுங்குச் சேனல் பார்க்கிறவர்கள். நாங்கள் ஓட்டுப் போடுவது ஆந்திராவில். ஆனால் அந்த அரசியலைத் தமிழில் விவரமாகப் படிக்கக் கிடைப்பது அபூர்வம்.

2024 தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதைய முதல்வர் ஜெகனின் சித்தப்பா ஒய்.எஸ். விவேகானந்த ரெட்டி 2019 மார்ச்சில் புலிவெந்துலாவில் தம் வீட்டிலேயே கொலை செய்யப்பட்டார். வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. கடப்பா மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்ற ஜெகனின் தங்கை ஷர்மிளா மேடைக்கு மேடை இதைப் பற்றிப் பேசினார். ஏப்ரல் 16 அன்று, ஜெகனின் கட்சியான ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் கடப்பா மாவட்டத் தலைவர் போட்ட மனுவில் அங்குள்ள நீதிமன்றம் தடை விதித்தது. ஷர்மிளா, கொலையானவரின் மகள் சுனிதா, சந்திரபாபு நாயுடு, பவன் கல்யாண் முதலானோர் அந்தக் கொலையை ஜெகனோடும் அவர் கட்சியின் கடப்பா எம்.பி. அவினாஷ் ரெட்டியோடும் சேர்த்துப் பேசக்கூடாது என்றது ஆணை. எதிர்த்தரப்பைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்தி வைத்தது மே 17 அன்று. எங்கள் வாக்குப்பதிவு மே 13 அன்றே முடிந்துவிட்டது.

கொலைக்குப் பின்னால் யார் என்பதை விசாரணை நீதிமன்றம் சொல்லட்டும். அதில் நான் தலையிடவில்லை. யார் ஜெயித்தார், ஏன் ஜெயித்தார் என்பதும் வேறு கதை. ஆனால் தந்தையைப் பறிகொடுத்த மகள் தன் சந்தேகத்தை ஊர் நடுவில் சொல்ல வேண்டிய நேரம் எதுவோ, அந்த நேரம் முழுக்க அவர் மேல் ஒரு தடை இருந்தது. மேல் நீதிமன்றத்தில் நிற்காத ஆணையாக இருந்தால் என்ன, வாங்கியவர்களுக்கு வேண்டிய நாட்கள் கிடைத்துவிட்டனவே!

ஒரு கட்சியை மட்டும் சொன்னால் ஓரவஞ்சனை ஆகிவிடும். 2020 செப்டம்பரில் தலைநகர் அமராவதி நில முறைகேட்டுப் புகாரில், தெலுங்கு தேசம் ஆட்சியில் அட்வகேட் ஜெனரலாக (அரசின் தலைமை வழக்கறிஞராக) இருந்தவர் மீது எஃப்.ஐ.ஆர். பதிவானது. அதைப் பற்றிப் பத்திரிகையோ டி.வி.யோ சமூக ஊடகமோ வாய் திறக்கக்கூடாது என்று அவர் மனுவில் உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் நவம்பர் 25-ல்தான் அந்தத் தடையை நிறுத்தியது. எஃப்.ஐ.ஆர். என்பதே பொது ஆவணம் அல்லவா? அதை இரண்டு மாதத்துக்கு மேல் பூட்டி வைத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் 'ஸ்டே' என்றால் பெரும்பாலும் நிலத்தகராறுதான். மாந்தோப்பில் மரத்தை வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட வைக்க முடியாது, ஆகவே முதலில் வெட்டை நிறுத்து, பிறகு வழக்கைக் கேட்போம் என்பதில் நியாயம் இருக்கிறது. பேச்சுக்கு அதே அளவுகோல் பொருந்தாது. பொய் சொன்னவன் மேல் நஷ்ட ஈட்டு வழக்குப் போடலாம், மறுப்பு வெளியிடலாம். பிரமுகருக்கு மைக்குக்கா பஞ்சம்? 1994-ல் நக்கீரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: அதிகாரிகள் தங்களைப் பற்றிய எழுத்தை வெளிவருமுன் தடுக்க முடியாது, வந்த பிறகு வழக்குத் தொடரட்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆம் கட்டளையும் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டே தடை தரச் சொல்கிறது. நோட்டீஸ் இல்லாமல் தந்தால் காரணம் எழுத வேண்டும், 30 நாளில் மனுவை முடிக்க முயல வேண்டும். 2024 மார்ச் 22 அன்று, ஜீ நிறுவனம் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில், விசாரணைக்கு முன்பே கட்டுரைகளுக்குத் தடை விதிக்கும் கீழ் நீதிமன்றங்களை உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. அந்தத் தீர்ப்பு வந்து ஒரு மாதம்கூட ஆகாமல்தான் கடப்பா ஆணை பிறந்தது.

பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள், குழந்தைகள், பொது வாழ்வில் இல்லாத சாதாரண மனிதர்கள், இவர்கள் பெயரைக் காக்கத் தடை வேண்டும்தான். ஓட்டுக் கேட்டு நம் வாசலுக்கு வருகிறவருக்கு அந்தச் சலுகை எதற்கு?

நீதிமன்றங்களை மாற்றும் சக்தி உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. உங்களால் முடிந்த ஒன்றைக் கேட்கிறேன். ஒரு செய்தி தடையால் நின்றுபோனால், அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடாதீர்கள். ஆணை இடம் தருகிற வரையில், அது இருந்திருக்க வேண்டிய பக்கத்திலேயே ஒரு சின்னக் கட்டம் போடுங்கள்: தடை கேட்டவர் யார், கொடுத்த நீதிமன்றம் எது, என்றைக்குக் கொடுத்தது, எதிர்த்தரப்பைக் கேட்டதா, அடுத்த வாய்தா என்றைக்கு. வாய்தா தள்ளிப்போகப் போக அந்தத் தேதியையும் மாற்றிப் போட்டுக்கொண்டே வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
நகரி, சித்தூர் மாவட்டம்