சின்னவள் எழுதிய முடிவு

அன்புள்ள அம்மிணி,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆயிற்று. மஞ்சள் வேகவைத்துக் களத்தில் காயப்போட்டிருந்ததால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. நேற்றுத்தான் மூட்டை பிடித்து ஈரோட்டுக்கு அனுப்பினோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

சின்னவள் கோவையிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறாள். அவள் பார்க்கிற கொரியத் தொடரில் ஒரு ஜோடி கடைசியில் பிரிந்துவிட்டதாம். ராத்திரியெல்லாம் அழுதாள். விடியற்காலையில் எழுந்து, அவர்களைச் சேர்த்துவைத்துத் தானே ஒரு முடிவு எழுதிவிட்டாள். விஷயம் தெரிந்த பெரியத்தை, "காலாகாலத்துல கட்டிக் குடுத்தா இதெல்லாம் தானா சரியாயிரும்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

பெரிய நடிகர் படம் வந்தால் பையன்கள் கட்அவுட் மேல் ஏறிப் பால் ஊற்றுகிறார்கள். அதைப் பாசம் என்கிறோம். ஒரு பொண்ணு காதல் ஜோடியைப் பார்த்து உருகினால் மட்டும் வீடு பதறுகிறது. அவளுக்கும் ஆசை இருக்கிறது என்று தெரிந்துபோகிறதே, அந்தப் பயம்தான்.

உனக்கு நடந்ததை நான் மறக்கவில்லை. வாடகை நூலகத்து நாவலுக்குச் செய்தித்தாளில் அட்டை போட்டுப் படித்துக்கொண்டிருந்தாய். விடுதி வார்டன் பிடுங்கி, அந்தப் பக்கத்தைச் சாப்பாட்டு அறையில் எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தார். நீ தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாய். அதற்கப்புறம் நீ கதைப் புத்தகமே தொடவில்லை. உன் பக்கத்தில் இருந்த நானும் சிரித்தவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அதற்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

அமெரிக்காவில் 1966-ல் வந்த ஸ்டார் ட்ரெக் தொடரில் கிர்க், ஸ்பாக் என்று இரண்டு ஆண்கள். அவர்களைக் காதலர்களாக வைத்துப் பெண்கள் கதை எழுதி, 1974-லேயே ரசிகர்களின் சிறு பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். சின்னவள் சொல்லித்தான் தெரியும். நாம் பிறப்பதற்கு முன்பே!

நம் பக்கம் பார்த்தால் அதைவிடப் பழசு. சங்க காலத்துக் குறுந்தொகையில் 27-ஆம் பாட்டு, வெள்ளிவீதியார் என்ற பெண் புலவர் பாடியது. கல்லூரியில் அருஞ்சொற்பொருளோடு தாண்டிப் போனோம். கன்றும் குடிக்காமல், கறக்கிற பாத்திரத்திலும் விழாமல், நல்ல பசுவின் பால் மண்ணில் சிந்துவதுபோல, தன் அழகு "எனக்கும் ஆகாது, என்னைக்கும் உதவாது" பசலைக்கு, பிரிவால் மேனியில் படரும் வெளிறலுக்குப் போகிறது என்கிறாள் அந்தப் பாட்டின் தலைவி. 'என்னை' என்றால் என் தலைவன். தினம் இரண்டு வேளை மாடு கறக்கிறவளுக்குத்தான் தரையில் போன பாலின் வலி தெரியும். ஆனால் இப்போது என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த அடியின் முதல் சொல். அவள் 'எனக்கு' என்று ஆரம்பிக்கிறாள். அவன் இரண்டாவதுதான். அதில் யாருக்கும் பெயர் கிடையாது, காதலைப் பாடும் அகப்பாட்டின் மரபு அப்படி. பெயர் இல்லாததால் எந்தப் பொண்ணும் அதற்குள் போய் நின்றுகொள்ளலாம். சின்னவளும் அந்த ஜோடிக்குள் அப்படித்தான் நிற்கிறாள் என்று நினைக்கிறேன்.

நேற்று ராத்திரி அவள் கதையைக் கேட்டு வாங்கிப் படித்தேன். அதில் அந்தப் பெண்தான் முதலில் கையைப் பிடிக்கிறாள். நன்றாக இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, பழைய கதைகளையும் எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியத்தை மறுபடி வருகிறார். இந்தத் தடவை பேசுவேன்.

அந்த நாவலை நீ கடைசிவரை படிக்கவே இல்லையே. அவர்கள் சேர்ந்தார்களா? நீயே எழுதி அனுப்பு, நான் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் அறைத்தோழி